விளம்பரத்திலேயே தொடங்கிவிடும் அனுபவம்

பண்ருட்டி முந்திரிப் பருப்பை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடையை வைத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. தீபாவளி நெருங்கும்போது இன்ஸ்டாகிராமில் பணம் கட்டி விளம்பரம் செய்கிறார்கள். படம் கண்ணைப் பறிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள், நூற்றுக்கணக்கானோர் அதைத் தொட்டு உள்ளே வருகிறார்கள், வாங்குபவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். உரிமையாளர் விளம்பரச் செலவை இரண்டு மடங்காக்குகிறார். உள்ளே வருபவர்கள் கூடுகிறார்கள். விற்பனை பெரிதாக அசையவில்லை.

இந்த நிலையில் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை, இன்னும் நல்ல வீடியோ எடுங்கள் என்பதுதான். பயனர் அனுபவச் சிந்தனை வேறு கேள்விகளைக் கேட்கிறது. உள்ளே வந்தவர் என்ன எதிர்பார்த்து வந்தார்? வந்த இடத்தில் எதைப் பார்த்தார்? எந்த அடியில் திரும்பிப் போனார்? அந்த அடியில் அவருக்கு என்ன புரியவில்லை, எதன் மீது நம்பிக்கை வரவில்லை?

பயனர் அனுபவம் என்றாலே செயலியின் பட்டன்கள், வண்ணங்கள், திரை வடிவமைப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அது மிகக் குறுகிய பார்வை. இந்தச் சொல்லாட்சியைப் பரப்பிய டொனால்ட் நார்மன் 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றியவர். பொருளின் தோற்றம், திரை, கையாளும் விதம், கூடவே வரும் கையேடு என ஒரு மனிதர் அந்தப் பொருளோடு கொள்ளும் உறவு முழுவதையும் குறிக்கும் சொல் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அந்த முழு அளவில் எடுத்துக்கொண்டால் விளம்பரமும் அதற்குள் வந்துவிடுகிறது. வாங்குபவருக்கு விளம்பரத்துறை, விற்பனைத்துறை, அனுப்பும் பிரிவு என்றெல்லாம் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிவது ஒரே கடை. விளம்பரத்தைப் பார்த்த நொடியிலிருந்து பொட்டலத்தைப் பிரித்துப் பருப்பை வாயில் போடும் நொடி வரை அவருக்கு எல்லாம் ஒரே அனுபவம்தான்.

ஆகவே விளம்பரத்தை ஒரு வாக்குறுதியாகப் பார்க்க வேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு அடியும் அதைக் காப்பாற்றுகிறது, அல்லது உடைக்கிறது.

320 என்றால் என்ன?

நம் கடைக்குத் திரும்புவோம். விளம்பரத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம் நிறைய வெள்ளை வெளேரென்ற முழு முந்திரி. "பண்ருட்டியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு" என்ற வரி. அதைத் தொட்டதும் திறப்பது கடையின் முகப்புப் பக்கம். அதில் தேன், வற்றல், ஊறுகாய் எல்லாம் இருக்கின்றன. முந்திரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் எதிரில் நிற்பது ஒரு பட்டியல்: டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320, எஸ், எல்டபிள்யூபி.

முந்திரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தாய்மொழி மாதிரி. 'டபிள்யூ' முழுப் பருப்பைக் குறிக்கும், எண் அளவைக் குறிக்கும்; எஸ், எல்டபிள்யூபி இரண்டும் உடைத்த பருப்பு வகைகள். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடையில் 300 முதல் 320 பருப்புகள் இருந்தால் அது 320 ரகம். 220 முதல் 240 வரை இருந்தால் 240 ரகம். எண் குறையக் குறையப் பருப்பு பெரிதாகும், விலையும் ஏறும். புதிதாக வாங்க வருபவர் இதை நேர்மாறாகப் புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. எண் பெரிதாக இருந்தால் தரமும் பெரிது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 180 ஏன் இவ்வளவு விலை, 320 ஏன் மலிவு என்று குழம்புவார். குழப்பத்தோடு பணம் கட்ட யாருக்கும் மனம் வராது. ஊரிலிருந்து வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிடுவார்.

வாங்குபவர் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு. பாயசத்துக்கு வேண்டும், பிரியாணிக்கு வேண்டும், மைசூர்பாகின் மேல் பதிக்க வேண்டும், சம்பந்தி வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அரைத்துக் குருமாவில் ஊற்றப்போகிறவருக்கு 180 ரகம் வீண் செலவு. உடைத்த பருப்பே போதும். சம்பந்தி வீட்டுக்கு உடைத்த பருப்பு போனால் மானக்கேடு. ஆக, பட்டியலை ரகத்தின் பெயரால் அடுக்காமல் வேலையின் பெயரால் அடுக்கலாம். "பரிசாகக் கொடுக்க: மிகப் பெரிய முழுப் பருப்பு." "வறுத்துச் சாப்பிட, பாயசத்துக்கு: நடுத்தர முழுப் பருப்பு." "அரைக்க, குழம்புக்கு: உடைத்த பருப்பு, சுவை அதேதான்." கீழே சிறிய எழுத்தில் 180, 320 எண்களையும் போடலாம், தெரிந்தவர்கள் அதைத் தேடுவார்கள். விளம்பரப் படத்தில் எந்த ரகம் இருக்கிறதோ அதே ரகம், அதே படத்தோடு, முதலில் திறக்க வேண்டும். பித்தளைக் கிண்ணத்தில் 180 ரகத்தைக் காட்டிவிட்டு 320 விலையை அருகில் எழுதுவது நேர்மைக் குறைவு. வாங்கியவர் பொட்டலத்தைப் பிரித்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

பயனர் அனுபவச் சிந்தனையின் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கியிருக்கிறது என்பேன். தொழில் செய்பவர் தன் கிடங்கைப் பார்த்து எழுதுகிறார். வாங்குபவர் தன் சமையலறையில் நின்று படிக்கிறார்.

அடுத்த அடி, பணம் கட்டுவது. பெயர், மின்னஞ்சல், பிறந்த நாள், கடவுச்சொல், அதை மறுபடி ஒருமுறை, பிறகு குறுஞ்செய்தியில் வரும் எண். அரைக் கிலோ முந்திரிக்குப் பிறந்த நாள் எதற்கு? வாழ்த்து அனுப்பலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு கட்டம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பெயர், முகவரி, போன் எண், யூபிஐ. இவ்வளவு போதும்.

கடைசியில் வருவது கூரியர் கட்டணம். இதைத்தான் பெரும்பாலான சிறு கடைகள் இறுதித் திரை வரை சொல்லாமல் வைத்திருக்கின்றன. இணையக் கடைகளைப் பற்றித் தொடர்ந்து ஆராயும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம், கூடையில் பொருளைப் போட்டவர்களில் சராசரியாகப் பத்தில் ஏழு பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டால், அவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பது எதிர்பாராமல் சேரும் கூடுதல் செலவு. "சென்னை, புதுச்சேரிக்கு அனுப்பும் செலவு இவ்வளவு" என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டால் உள்ளே வருபவர்கள் குறையலாம். குறையட்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் காசு எடுக்கும் விளம்பரமாக இருந்தால், வாங்க மாட்டாதவர் உள்ளே வராமலிருப்பதும் லாபம்தான்.

எங்கே நின்றுவிடுகிறார்கள்

இதை ஊகத்தில் செய்யக் கூடாது. ஒரு கணக்குக்கு, 100 பேர் விளம்பரத்தைத் தொட்டு வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்திரிப் பக்கத்தை 80 பேர் பார்த்தார்கள், கூடையில் 30 பேர் போட்டார்கள், முகவரியை 25 பேர் நிரப்பினார்கள், பணம் கட்டியது 4 பேர். 25 எங்கே 4 ஆனது? கூரியர் கட்டணம் தெரிந்த திரையில். இந்தக் கடைக்குப் புதிய வீடியோ தேவையில்லை. அதே 100 பேரில் 80 பேர் முதல் பக்கத்திலேயே திரும்பியிருந்தால் கதை வேறு: விளம்பரம் சொன்னதும் பக்கம் காட்டியதும் பொருந்தவில்லை, அல்லது பக்கம் திறக்கவே நேரமாகிறது. விருப்பக் குறிகளையும் பார்வை எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இந்த இரண்டு கதைகளுக்கும் வித்தியாசம் தெரியாது.

எண் எங்கே என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதற்கு மனிதர்களைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டாவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே ஒருவரை உட்காரவைத்துக் கவனித்தாலே சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரிந்துவிடுகின்றன. ஐந்து பேரைக் கவனித்தால் அது சுமார் 85 சதவீதம் ஆகிறது. அதனால்தான் ஐந்து பேர் போதும் என்று நீல்சன் தொடர்ந்து எழுதிவந்தார். ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரிடம் காட்டுவது, ஒரே தடவையில் 15 பேரிடம் காட்டுவதைவிட நல்லது. ஒரு நிபந்தனை, அந்த ஐவரும் ஒரே வகை வாடிக்கையாளராக இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கும் இல்லத்தரசியும், திருமணத்துக்கு 20 கிலோ வாங்கும் சமையல் காண்டிராக்டரும் ஒரு வகை இல்லை.

எப்படிக் கவனிப்பது என்பதில்தான் நம் ஊரில் சிக்கல். "அக்கா, எங்கள் பக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது தம்பி" என்றுதான் பதில் வரும். எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்ற நல்ல பண்பு அது. ஆய்வுக்கு மட்டும் உதவாது. கருத்துக் கேட்காமல் வேலை கொடுக்க வேண்டும். "அக்கா, பாயசத்துக்கு அரைக் கிலோ முந்திரி இதில் வாங்கிக் காட்டுங்கள்" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் தடுமாறும்போது உதவத் துடிக்கும் கையை அடக்க வேண்டும். எந்த இடத்தில் விரல் நிற்கிறது, எந்த வரியை இரண்டு முறை படிக்கிறார், எங்கே கண்ணாடியைத் தேடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "இந்த 320 என்ன தம்பி, கிராமா?" என்று அவர் கேட்கும் கேள்வி, எந்த ஆலோசகரின் அறிக்கையைவிடவும் மதிப்புள்ளது. முடிந்தால் அவருடைய போனிலேயே செய்யச் சொல்லுங்கள். உங்கள் புதிய போனில் வேகமாகத் திறக்கும் பக்கம், நான்கு வருடப் பழைய போனில் எப்படித் திறக்கிறது என்பது அப்போது தெரியும்.

இடத்தையும் கவனிக்க வேண்டும். மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே பார்க்கும்போது அழகாகத் தெரியும் வெளிர் சாம்பல் எழுத்து, தேவனாம்பட்டினம் கடற்கரை வெயிலில் கண்ணுக்கே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று இணையத்துக்கான அணுகல்தன்மை நெறிமுறைகள் வகுத்திருக்கின்றன. பார்வை குறைந்தவர்களுக்காக எழுதப்பட்ட விதி, வெயிலில் நிற்கும் எல்லோருக்கும் உதவுகிறது.

சாலையில் மூன்று நொடி

இணையம் இல்லாத விளம்பரத்துக்கும் இதே சிந்தனை பொருந்தும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையின் இருபுறமும் விளம்பரப் பலகைகள். பயிற்சி நிலையம் என்றால் பத்துப் படிப்புகளின் பெயர், நான்கு தொலைபேசி எண்கள், முதலிடம் பெற்ற மாணவர்களின் படங்கள், நிறுவனரின் படம், ஒரு க்யூஆர் குறியீடு.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நொடிக்குச் சுமார் 17 மீட்டர் கடக்கிறார். பலகையின் எழுத்து 50 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருந்தால் அவருக்குக் கிடைப்பது மூன்று நொடி. அதிலும் பாதி நேரம் கண் சாலையில் இருக்க வேண்டும். மூன்று நொடியில் ஒரு பெயரும், ஒரு காரணமும், ஓர் இட அடையாளமும் மனத்தில் நின்றால் பெரிது. ஓடும் வண்டியிலிருந்து க்யூஆர் குறியீட்டை யார் படம் எடுக்க முடியும்? அதே குறியீட்டைத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில், பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர் உட்காரும் இடத்துக்கு எதிரில் வையுங்கள். அவருக்கு நேரம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, பத்துப் படிப்புகளின் விவரத்தையும் பொறுமையாகப் படிப்பார். ஒரே விளம்பரம்தான், பார்ப்பவரின் நிலை மாறியதும் உள்ளடக்கமும் மாற வேண்டியிருக்கிறது.

தங்கும் விடுதியும் கடைசி நினைவும்

புதுச்சேரியில் வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களை நம்பி நூற்றுக்கணக்கான தங்குமிடங்கள் நடக்கின்றன. பல விளம்பரங்களில் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, மர ஜன்னல். எல்லோரும் ஒரே படத்தைக் காட்டும்போது, வருபவரின் கவலைக்குப் பதில் சொல்பவர் தனித்துத் தெரிவார்.

என்ன கவலை? சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் காரில் வந்து சேர்கிறார்கள். மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வாகனங்களை விடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பின்னால் குழந்தை அழுகிறது, பாட்டிக்குக் கால் வலி, காரை எங்கே நிறுத்துவது? ஆட்டோவில் வருபவர் போனில் இருக்கும் பிரெஞ்சு வீதிப் பெயரைத் திக்கித் திணறிச் சொல்கிறார். ஓட்டுநருக்குப் பாரதி பூங்கா தெரியும், மணக்குள விநாயகர் கோயில் தெரியும், அந்த உச்சரிப்பு தெரியாது. முன்பதிவு செய்தவுடன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனால் இதெல்லாம் தீர்ந்துவிடும்: கார் நிறுத்தும் இடம், ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டிய அடையாளம், மாடிப்படி எத்தனை, தாமதமாக வந்தால் அழைக்க வேண்டிய எண். "தரைத்தளத்தில் அறை உண்டு, பெரியவர்களுக்குப் படி ஏற வேண்டாம்" என்ற ஒரு வரி, பாட்டியோடு வரும் குடும்பத்துக்குக் காகிதப்பூப் படத்தைவிட வலுவான விளம்பரம். பிரெஞ்சுப் பயணியின் கவலைகள் வேறாக இருக்கும். அவரையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கிளம்பும் நேரம் இதைவிட முக்கியம். 2002இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்கள் 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 நொடி, அதற்குமேல் 30 நொடி. அந்த 30 நொடியில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு ஏறியது. எதை மறுபடி செய்ய விருப்பம் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட நேரம் வலித்த இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்குகின்றன, மொத்த நேரம் அவ்வளவாகத் தங்குவதில்லை என்பது அவர்கள் கண்டது.

விடுதிக்கு இதை வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் நன்றாகக் கவனித்துவிட்டு, கிளம்பும்போது பில்லில் "கூடுதல் துண்டு", "தாமதக் கட்டணம்" என்று இரண்டு வரி சேர்ந்தால், விருந்தினர் சென்னை போய் எழுதப்போவது அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அடுத்து வரவிருப்பவர் விளம்பரத்தைவிட அந்த மதிப்புரையைத்தான் நம்புவார். பில்லில் என்னென்ன வரும் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிட்டு, போகும்போது பயணத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்து அனுப்பும் விடுதி, விளம்பரத்துக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியில் அதைவிடப் பெரிய வேலையைச் செய்கிறது. முந்திரிக் கடைக்கும் இது உண்டு. பொட்டலத்துக்குள் "பிரித்தபின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், நமுத்துப் போகாது" என்று தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு போதும்.

இதே அறிவு கெட்டதற்கும் உதவும்

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மனிதர் எங்கே தயங்குகிறார் என்று தெரிந்தவருக்கு, அவரை எங்கே ஏமாற்றலாம் என்பதும் தெரியும். "இன்னும் 2 மட்டுமே இருப்பு" என்ற பொய் எச்சரிக்கை, கேட்காமலே கூடையில் சேரும் காப்பீடு, "வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை" என்று வெட்கப்பட வைக்கும் பட்டன், எளிதாகச் சேர்ந்து வெளியேற முடியாத சந்தா. இவற்றுக்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மேலே சொன்ன கூரியர் கட்டணத்தைக் கடைசித் திரை வரை மறைத்து வைப்பது வியாபாரத்துக்கும் கெடுதல், சட்டத்தின் கண்ணிலும் சிக்கல். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

தற்காலிகமாக விற்பனை கூடுகிறதே என்று சிலர் இதை நியாயப்படுத்துவார்கள். கடலூர் போன்ற ஊரில் அந்த நியாயம் எடுபடாது. இங்கே வாங்குபவர் அடுத்த வாரம் உங்களைக் கடைத்தெருவில் பார்ப்பார், அவருடைய உறவினர் உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பார்.

தொடங்க விரும்பும் சிறு கடைக்காரருக்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. கல்லாப் பெட்டி அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். போனிலும் வாட்ஸ்அப்பிலும் நேரிலும் வாங்குபவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அவர் பயன்படுத்திய அதே சொற்களில் எழுதுங்கள். தொலைபேசியை எடுக்கும் பையனிடமும் சொல்லிவையுங்கள்; பெரும்பாலான கேள்விகள் அவனிடம்தான் வருகின்றன, அவை என்னென்ன என்று அவனிடம் யாரும் விசாரிப்பதில்லை. ஒரு மாதத்தில் நான்கைந்து கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். "இது போன வருடப் பருப்பா, புதுசா?" என்பது அதில் கட்டாயம் இருக்கும். அதற்கான பதிலை அடுத்த விளம்பரத்தின் முதல் வரியில் எழுதுங்கள். அந்தக் கேள்வி நோட்டில் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். குறையவில்லை என்றால், பதில் யாருடைய கண்ணிலும் படவில்லை, அல்லது பட்டும் நம்பிக்கை வரவில்லை. எது என்று தெரிந்துகொள்ள, கேட்டவர்களில் ஒருவரிடம் அந்த விளம்பரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள்.